கைக்கு எட்டாத திருகு

 

விமானம்னா பெரிய கம்பெனியிலதான் செய்வாங்கன்னு நாம எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்கோம். ஆனால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டில், கார் நிறுத்தும் கொட்டகையில் விமானம் கட்டுகிறார்கள். ரிமோட்டில் பறக்கும் பொம்மை அல்ல. ஆள் ஏறிப் பறக்கும் நிஜ விமானம்! கட்டியவரே அதில் உட்கார்ந்து ஓட்டுகிறார். ஆச்சரியமாக இருக்கிறதல்லவா?

இப்படிக் கட்டுபவர்கள் பாதுகாப்புக்காகத் தங்கள் கையாலேயே சில மாற்றங்களையும் செய்கிறார்கள். அவற்றில் உயிரைக் காப்பாற்றும் மாற்றங்கள் உண்டு. நல்லது என்று நினைத்துச் செய்து ஆபத்தில் போய் முடிந்த மாற்றமும் உண்டு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இந்தக் கட்டுரையில் காண்போம்.

பெட்டியில் வரும் விமானம்

வீட்டில் விமானம் கட்ட இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வரைபடத்தை மட்டும் விலைக்கு வாங்கி, மரம், துணி, கண்ணாடி இழை என்று எல்லாவற்றையும் தானே சேகரித்து முதலிலிருந்து கட்டுவது. இன்னொன்று ‘கிட்’ வாங்குவது. கிட் என்றால் விமானத்தின் பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தகட்டு விமானம் என்றால் ஆயிரக்கணக்கில் ரிவெட் அடிக்கணும். ஒரு விமானத்தை முடிக்க வருஷக்கணக்கில் ஆகும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் என்பவர் 1973-ல் ‘வான்ஸ் ஏர்கிராஃப்ட்’ என்ற கிட் கம்பெனியைத் தொடங்கினார். அதன் ‘ஆர்.வி.’ வகை விமானங்கள் மட்டும் 11,000-க்கு மேல் மக்களால் கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன.

கட்டுபவர்களுக்கு ஒரு சங்கமும் இருக்கிறது. பெயர் ‘எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்’. பால் போபரெஸ்னி என்பவர் 1953-ல் மில்வாக்கி நகரில் தொடங்கியது. வருஷா வருஷம் கோடைக்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் என்ற ஊரில் இவர்களுக்குத் திருவிழா. நம்ம ஊர்த் தேருக்கு வண்டி கட்டிக்கொண்டு போவது போல அவர்கள் தாங்கள் கட்டிய விமானத்திலேயே பறந்து வந்து இறங்குவார்கள்!

அதற்காக யார் வேண்டுமானாலும் எதையாவது கட்டிப் பறந்துவிட முடியாது. அமெரிக்கச் சட்டப்படி, மொத்த வேலையில் பாதிக்கு மேல், தாங்கள் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ கட்டுகிற ஆட்களே செய்திருக்க வேண்டும். கட்டி முடித்ததும் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். விமானத்தில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ (சோதனை வகை) என்று குறைந்தது 2 அங்குல உயர எழுத்தில் எழுத வேண்டும். ‘இது சாதாரண விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது அல்ல’ என்ற கருத்தில் ஓர் எச்சரிக்கையும், ஏறுகிறவர் கண்ணில் படும்படி உள்ளே இருக்க வேண்டும்.

சின்னச் சின்ன நல்ல மாற்றங்கள்

கம்பெனி விமானத்தில் ஒரு முக்கியமான பாகத்தை மாற்ற வேண்டும் என்றால் அரசாங்கத்தின் ஒப்புதல் பெற்ற பாகமும் முறையும் தேவை. சொந்தமாகக் கட்டிய விமானத்தில் அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. அதனால் கட்டுபவர்கள் நிறைய யோசிக்கிறார்கள். சில உதாரணங்களைப் பார்ப்போம்.

1. எச்சரிக்கும் தகடு: விமானம் மெதுவாகப் பறக்கும்போது மூக்கை ரொம்பத் தூக்கினால் இறக்கை தூக்குசக்தியை இழந்துவிடும். இதற்கு ‘ஸ்டால்’ என்று பெயர். இதைப் புரிந்துகொள்ள, ஒரு அட்டையை டேபிள் ஃபேனுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் அட்டை மேலே எழும். ரொம்பத் தூக்கினால் எழும்பாது, பின்னால்தான் தள்ளும். இறக்கைக்கும் அதே கதிதான். தரைக்குப் பக்கத்தில் ஸ்டால் ஆனால் மீள்வதற்கு உயரம் இருக்காது. அதனால் இறக்கையின் முன் விளிம்பில் ஒரு சின்னத் தகட்டைப் பொருத்துகிறார்கள். இறக்கை அளவுக்கு மீறிச் சாயப் போகும்போது காற்று அந்தத் தகட்டைக் கீழிருந்து மேலே தள்ளும். உள்ளே சுவிட்ச் அமுங்கி பஸ்ஸர் கத்தும்.

செஸ்னா கம்பெனியின் சில சிறிய விமானங்களில் இதற்கு மின்சாரமே கிடையாது. இறக்கையில் ஒரு துவாரம், உள்ளே ஆர்மோனியத்தில் இருப்பது போல ஒரு ரீடு. ஸ்டால் வரும் முன் அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைந்து, காற்று ரீடு வழியாக உறிஞ்சப்பட்டு ஊதும். புறப்படும் முன் விமானிகள் துவாரத்தின் மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சி, ஊதுகிறதா என்று சோதிப்பார்களாம்!

2. ஒரு துண்டு நூல்: விமானம் நேராகப் போகிறதா, பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகிறதா என்று உட்கார்ந்திருப்பவருக்குச் சுலபமாகத் தெரியாது. விமானிக்கு முன்னால் கண்ணாடியில் ஒரு துண்டு கம்பளி நூலை ஒட்டிவிட்டால் போதும். நேராகப் போனால் நூல் நேராக இருக்கும். சறுக்கினால் நூல் ஒரு பக்கம் சாயும். ரைட் சகோதரர்கள் 1902-லேயே தங்கள் கிளைடரில் இப்படி நூல் கட்டியிருக்கிறார்கள். ஆனால் மூக்கில் விசிறி உள்ள விமானத்தில் விசிறிக் காற்று நூலைக் கலைத்துவிடும். அதனால் கிளைடரிலும், விசிறி பின்னால் உள்ள விமானத்திலும்தான் இது நன்றாக வேலை செய்யும்.

3. மரத்துண்டு: புதிதாகக் கட்டிய விமானம் சில சமயம் ஒரு பக்கமாக இழுக்கும், ஹேண்டில்பார் கோணிய சைக்கிள் மாதிரி. அப்போது வாலில் இருக்கும் சுக்கானின் பின்விளிம்பில் ஒரு சின்ன மர ஆப்பைத் தற்காலிகமாக ஒட்டிப் பறந்து பார்ப்பார்கள். அதிகமாகத் திரும்பினால் ஆப்பைக் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி பறப்பார்கள். நேராகப் போகும்வரை இப்படிச் செய்து, பிறகு நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள்.

4. லிவருக்கு ஒரு சக்கரம்: இது போர் விமானத்தில் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போரின்போது பி-17 என்ற குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள், தரையிறங்கிய பிறகு இறக்கை மடலை மடக்குவதாக நினைத்துக்கொண்டு சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிற்றோடு தரையில் உட்கார்ந்துவிடும். விமானிகள் கவனக்குறைவானவர்கள் என்றுதான் முதலில் பேசினார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு கைப்பிடிகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன! சக்கரக் கைப்பிடியின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடல் கைப்பிடியின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் வைக்கச் செய்தார். அந்தக் குழப்பம் தீர்ந்தது. பார்க்காமல் தொட்டாலே தெரியும் அல்லவா? இன்றைக்கும் விமானங்களில் சக்கரக் கைப்பிடி சக்கரம் மாதிரிதான் இருக்கும்.

இந்த நான்கிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. நாலுமே விமானியின் கண்ணுக்கோ, காதுக்கோ, கைக்கோ உதவுகின்றன. அவர் வேலையைக் குறைக்கின்றன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி மற்ற கதைக்கு வருவோம்.

ரிசர்வ் திருகு தெரியுமா?

பழைய பைக்கில் பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் குறைந்து வண்டி திணறினால், ஓட்டுபவர் கீழே குனிந்துகூடப் பார்க்காமல் இடது கையை விட்டு, திருகை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்புவார். வண்டி மறுபடி கிளம்பிவிடும். நம்மில் பலர் இதைப் பார்த்திருப்போம்.

சிறிய விமானங்கள் பலவற்றிலும் இப்படித்தான். இடப் பக்கம் ஒரு டேங்க், வலப் பக்கம் ஒரு டேங்க். ஒரு நேரத்தில் ஒரு டேங்கிலிருந்துதான் இன்ஜினுக்கு எரிபொருள் போகும். ஒன்று தீர்ந்தால் திருகைத் திருப்பி அடுத்ததற்கு மாற்ற வேண்டும்.

இப்போது ஒரு நிமிஷம் கற்பனை செய்யுங்கள். அந்த ரிசர்வ் திருகு டேங்குக்கு அடியில் இல்லாமல், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால்? ஓடுகிற வண்டியில் எப்படித் திருப்புவார்?

1997 அக்டோபர் 12

பர்ட் ரூட்டன் என்பவர் புகழ்பெற்ற அமெரிக்க விமான வடிவமைப்பாளர். அவர் வடிவமைத்த ‘லாங்-ஈஸி’ என்ற விமானம் 1979-ல் முதலில் பறந்தது. வரைபடம் வாங்கி, நுரைப்பலகையும் கண்ணாடி இழையும் கொண்டு வீட்டில் கட்டும் விமானம் இது. சின்ன இறக்கை முன்னாலும் பெரிய இறக்கை பின்னாலும் இருக்கும். இன்ஜினும் விசிறியும் கடைசியில் இருக்கும். ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். ஓட்டும் ஸ்டிக் விமானியின் வலது கைப் பக்கம் இருக்கும்.

ரூட்டனின் வரைபடத்தில் எரிபொருள் திருகு விமானிக்கு முன்னால், இரண்டு கால்களுக்கும் நடுவில் இருந்தது. கண்ணுக்கும் தெரியும், கைக்கும் எட்டும்.

ஒரு லாங்-ஈஸியைக் கட்டியவர் இதை யோசித்தார். திருகு முன்னால் இருந்தால் பெட்ரோல் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வந்து போகும். ஏதாவது கசிந்தால் தீப்பிடிக்குமே! அதனால் வால்வைப் பின்னால் இன்ஜின் பக்கம் கொண்டு போய்விட்டார். அங்கிருந்து நீளமான தண்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதன் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்த தடுப்பில் வைத்தார். அவர் நினைத்ததும் பாதுகாப்பைத்தான். பெட்ரோல் உள்ளே வராது என்பதும் உண்மைதான்.

பல வருஷம் கழித்து அந்த விமானம் விற்கப்பட்டது. கடைசியில் வாங்கியவர் ஜான் டென்வர். அமெரிக்காவில் மிகவும் புகழ்பெற்ற பாடகர். அவர் 2,700 மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டிய அனுபவம் உள்ளவர். ஆனால் இந்த விமானம் அவருக்குப் புதுசு.

புறப்படும் முன் அவரும் ஒரு விமானத் தொழிலாளியும் அந்தக் கைப்பிடியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எட்டவில்லை, திருப்பவும் கடினமாக இருந்தது. எட்டுவதற்காகக் கைப்பிடியில் ஒரு பிளேயரை மாட்டிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்களும் பின்னால்தான் இருந்தன, அவற்றில் அளவுக்கோடுகளும் இல்லை. திரும்பாமல் பார்ப்பதற்காகத் தொழிலாளி ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார். டேங்குகளில் எரிபொருள் குறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் டென்வர் நிரப்பச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம்தானே பறக்கப் போகிறோம் என்று நினைத்தார்.

1997 அக்டோபர் 12 மாலை, கலிபோர்னியா மாநிலத்தில் மான்டெரே என்ற ஊரின் விமான நிலையத்திலிருந்து அவர் தனியாகப் பறந்தார். பசிபிக் குரோவ் என்ற ஊருக்கு அருகே, சில நூறு அடி உயரத்தில், கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விமானம் திடீரென்று மூக்கு குப்புறக் கடலில் விழுந்தது. டென்வர் இறந்துவிட்டார். அவருக்கு வயது 53.

எதனால் விழுந்தது?

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை ஆராய்ந்து 1999-ல் முடிவைச் சொன்னது. அதே வகை விமானம் ஒன்றில் ஆளை உட்காரவைத்தும் பார்த்தார்கள். அந்தக் கைப்பிடியைத் திருப்ப ஒருவர் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது தெரியுமா?

முதலில், வலது கையை ஓட்டும் ஸ்டிக்கிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாவது, தோள் பட்டையைத் தளர்த்த வேண்டும். மூன்றாவது, உடம்பை இடப் பக்கமாக 90 டிகிரி திருப்பி, வலது கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். நான்காவது, எந்தப் பக்கம் எந்த டேங்க் என்று எழுதாத கைப்பிடியைக் குத்துமதிப்பாகத் திருப்ப வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்தது. நீங்களே செய்து பாருங்கள். நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து, வலது கையால் இடது தோளுக்குப் பின்னால் இருப்பதைத் தொட முயலுங்கள். உங்களை அறியாமலே வலது கால் முன்னால் ஊன்றும். விமானத்தில் அந்தக் காலுக்குக் கீழே இருப்பது சுக்கானைத் திருப்பும் பெடல்! கால் ஊன்றினால் விமானம் வலப் பக்கம் திரும்பிச் சாயும். திரும்பியிருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

கவனம் திரும்பியதும், தெரியாமல் வலது பெடலை அழுத்தியதும், எரிபொருள் நிரப்பாததும் விபத்துக்குக் காரணங்கள் என்று வாரியம் சொன்னது. எழுத்து இல்லாத கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்தது, அளவுக்கோடு போடாதது, புது விமானத்துக்குப் போதிய பயிற்சி எடுக்காதது ஆகியவையும் சேர்ந்துகொண்டன என்றது.

நல்லாக் கவனியுங்கள். கட்டியவர் தீ விபத்தைத் தடுக்கத்தான் மாற்றினார். ஆனால் ஆபத்து ஒரு இடத்திலிருந்து கிளம்பி இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்ரோல் குழாயில் இருந்த ஆபத்து, விமானியின் தோளுக்குப் பின்னால் போய்விட்டது.

இடம் மாறும் ஆபத்து

இது ஒரு விமானத்தோட கதை மட்டும் இல்லை. இன்னும் மூன்று உதாரணம் சொல்கிறேன்.

பெயின்ட்: சுக்கான் போல ஆடும் பாகங்கள் கீலுக்கு முன்னும் பின்னும் எடை சமமாக இருக்கும்படி செய்யப்படுகின்றன. அழகுக்காக இன்னும் இரண்டு கோட் பெயின்ட் அடித்தால் பின்பக்கம் எடை கூடிவிடும். வேகமாகப் பறக்கும்போது அந்தப் பாகம் காற்றில் படபடவென்று அடித்து, உடைந்துகூடப் போகலாம். அதனால்தான் பெயின்ட் அடித்த பிறகு மறுபடி எடை பார்க்கச் சொல்கிறார்கள்.

தோள் பட்டை: பட்டை போடுவது நல்லதுதான். ஆனால் அதன் பின்முனையைத் தோளைவிட மிகவும் தாழ்வாகக் கட்டினால், விபத்தின்போது அது தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும்.

பாராசூட்: போரிஸ் போபோவ் என்பவர் 1975-ல் கிளைடர் ஒன்றில் பறக்கும்போது அது மடங்கி ஏரியில் விழுந்து உயிர் பிழைத்தார். பிறகு முழு விமானத்தையுமே தாங்கி இறக்கும் பாராசூட்டைச் செய்யும் கம்பெனியை 1980-ல் தொடங்கினார். கைப்பிடியை இழுத்தால் ஒரு சின்ன ராக்கெட் பாராசூட்டை வெளியே இழுத்துக்கொண்டு போகும். பல உயிர்களைக் காப்பாற்றிய கருவி இது. ஆனால் இழுக்காத ராக்கெட் உள்ளேயே இருந்தால், விழுந்த விமானத்தை அறுத்து ஆளை மீட்க வரும் தீயணைப்பு வீரருக்கு ஆபத்து. அதற்காக வெளியே எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். பாருங்கள், இங்கே புது ஆபத்து வந்தது. ஆனால் அதை மறைக்காமல் எழுதி ஒட்டிவிட்டார்கள். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

சோதித்துப் பார்த்த பிறகே பயணம்

புதுசாகக் கட்டிய விமானத்தில் உடனே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக முடியாது. பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் ஆள் நெருக்கம் இல்லாத இடத்தின் மேல் சோதனையாகப் பறக்க வேண்டும். பிறகு பெரிய மாற்றம் ஏதாவது செய்தால், மறுபடி குறைந்தது 5 மணி நேரம் சோதனைப் பறப்பு.

பறக்கும் முன் தரையிலும் சோதனை உண்டு. விமானத்தின் மூக்கை மேலே ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, எவ்வளவு எரிபொருள் வருகிறது என்று பாத்திரத்தில் பிடித்து அளப்பார்கள். தானாக இறங்கும் குழாய் என்றால் இன்ஜினுக்குத் தேவையானதைப் போல 1.5 மடங்கு வர வேண்டும். பம்ப் வைத்தால் 1.25 மடங்கு வர வேண்டும். நட்டுகளை முறுக்கிய பிறகு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு போட்டுவிடுவார்கள். நட்டு கழன்று திரும்பினால் கோடு உடைந்து தெரியும். என்ன எளிமையான யோசனை!

அந்த வாரியமே 2012-ல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அப்போது அமெரிக்காவில் இப்படிப்பட்ட விமானங்கள் ஏறக்குறைய 33,000. தனியார் சிறு விமானங்களில் இவை 10 சதவீதம்தான். ஆனால் 2011-ல் நடந்த விபத்துகளில் ஏறத்தாழ 15 சதவீதமும், உயிர் போன விபத்துகளில் 21 சதவீதமும் இவற்றுக்குத்தான். இன்னொரு விஷயம், அந்த ஆண்டு ஆராய்ந்த விபத்துகளில் பாதிக்கு மேல், ஓட்டியவர் தானே கட்டாமல் பழசாக வாங்கிய விமானங்கள்!

ஏன் என்று யோசித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. கட்டியவருக்கு ஒவ்வொரு திருகும் மனப்பாடம். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்று எழுதியே வைக்க வேண்டாம். ஆனால் விமானம் கை மாறும்போது அவர் மனசு கூடவே போகாது. எழுதி வைத்தது மட்டும்தான் போகும்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நாம விமானம் கட்டப் போறது இல்லைதான். ஆனால் வீட்டிலும் வயலிலும் எதையாவது மாற்றிக்கொண்டேதான் இருக்கிறோம். சின்னப் பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாது என்று மோட்டார் சுவிட்ச் பெட்டியை உயரத்தில் வைக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவசரத்தில் அணைக்க வேண்டும் என்றால் நம்ம அப்பத்தாவுக்கு எட்டுமா?

அதனால் எந்த மாற்றம் செய்தாலும் மூன்று கேள்வி கேட்போம்.

1. அவசரத்தில், பயத்தில், இருட்டில் கை வைத்தால் எட்டுமா?
2. நான் இல்லாதபோது வேறொருவர் வந்தால், பார்த்ததும் புரியுமா? எழுதி வைத்திருக்கிறேனா?
3. இங்கே குறைத்த ஆபத்து வேறு எங்காவது போய் உட்கார்ந்திருக்கிறதா? சோதித்துப் பார்த்தேனா?

ஓர் எழுத்து, ஒரு கோடு, கைக்கு எட்டும் ஓர் இடம். இவற்றுக்குச் செலவே இல்லை. அந்த விமானத்தில் இருந்திருந்தால் அன்று மாலை ஒருவர் வீடு திரும்பியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் இப்படி எட்டாத இடத்தில், எழுதாமல் இருக்கும் சுவிட்சோ திருகோ இருக்கிறதா? இன்றைக்கே பார்த்து ஒரு தாளில் எழுதி, நம் சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். நல்லதைத் தேர்ந்தெடுத்து அடுத்த இதழில் ஒட்டுவோம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி